நிலாவுக்குச் சத்தம் இல்லை

முதலில் வெள்ளிதான் வரும். சூரியன் இறங்கி, உப்பளப் பாத்திகளில் சிவப்பு இன்னும் கலையாமல் கிடக்கும்போதே, யாருக்காகவும் காத்திராமல் வந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு நிலா, மூன்றாம் பிறை, இன்றைக்கு வெள்ளிக்குக் கைக்கெட்டும் தூரத்தில். கொஞ்சம் இருட்டட்டும், கீழே வியாழன் தெரியும். இன்னும் கொஞ்சம் இருட்டினால், அடிவானத்துப் புழுதிக்குள்ளே, வரலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு புதன். நாலு பேரும் ஒரே சாய்ந்த கோட்டில். இதையெல்லாம் நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நேற்றுத் துணி எடுக்க வந்தபோதே பார்த்து வைத்திருக்கிறேன், நிலா எவ்வளவு ஏறும், எங்கே நிற்கும், இந்தக் கைப்பிடிச் சுவருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் வரும், எல்லாம். இன்றைக்கும் துணி எடுக்கப் போகிறேன் என்றுதான் மாமியாரிடம் சொல்லிவிட்டு மாடிக்கு வந்தேன். அது பொய்யில்லை, துணியும் எடுத்தேன்தான். எடுத்ததை எல்லாம் சுருட்டித் துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டேன். கூடையில் துணி இல்லை. கூடையில் என் கைப்பிள்ளை தெக்லா இருக்கிறாள். நீல நிறப் பிளாஸ்டிக் கூடை, அடியில் இரண்டாய் மடித்த போர்வை, தலைப்பக்கம் ஒரு செங்கல்லைக் கொடுத்துக் கொஞ்சம் நிமிர்த்தி, முகம் மேற்கே பார்க்கும்படி, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி. கூடை ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. மறுபடி அசைத்துப் பார்த்தேன். கைகளில் வளையல் இல்லை. கழற்றி நைட்டிப் பைக்குள் ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டேன். போனைக் கீழே சார்ஜில் போட்டுவிட்டேன். ஒன்றும் மறக்கவில்லை. பயந்தவள் எதையும் மறக்கமாட்டாள்.

நிலாவுக்குச் சத்தம் இல்லை. அதனால்தான் நிலா. இது எனக்கு நாலு நாளைக்கு முன்னால், பால் பாட்டில் கழுவிக்கொண்டிருக்கும்போது, சட்டென்று தோன்றியது. தோன்றியதும் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன். இந்த உலகத்தில் சத்தமும் வாசனையும் இல்லாமல், கிட்டே வராமல், தொடாமல், பளிச்சென்று இருக்கிற பொருள் வேறு என்ன இருக்கிறது? வீட்டில் இருக்கிற எதைக் காட்டினாலும் அது கூடவே இன்னொன்றைக் கொண்டுவருகிறது. கிலுகிலுப்பை கிலுங்குகிறது. சிவப்புப் பலூன் கீச்சிடுகிறது. ஸ்பூனில் ராகிக்கூழ் வாசனை. பக்கத்து வீட்டுப் பூனையைக்கூடக் காட்டிப் பார்த்தேன், அது நான் பிடித்த பிடிக்குக் கத்தித் தீர்த்தது, தெக்லா திரும்பினாள். பூனையைப் பார்த்தாளா, கத்தலுக்குத் திரும்பினாளா? என் முகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் முகம் கிட்டே போனால் பால் வாசனை போகிறது, மூச்சு போகிறது, கம்மல் ஆடுகிறது, அதற்கு முன்னால் 'ஏ தெக்லிக்குட்டி' என்று வாய் தானாகப் போய்விடுகிறது. அவள் சிரிக்கிறாள். எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். நான் மட்டும், அது குரலுக்குச் சிரித்த சிரிப்பா முகத்துக்குச் சிரித்த சிரிப்பா என்று நின்றுகொண்டிருக்கிறேன். என் முகம் அழுக்குப் படிந்த கருவி. அதை வைத்துக்கொண்டு எந்தச் சோதனையும் செய்ய முடியாது. பாளையங்கோட்டை கான்வென்ட்டில் ஃபிசிக்ஸ் லேபில் கதவுக்கு மேலேயே எழுதிப்போட்டிருந்தது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஏழு வருஷம் அந்தக் கதவு வழியாகப் போய்வந்தேன். அப்போது அது எங்களுக்குத் திட்டு மாதிரித் தெரியும். இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஏழு மாதத்தில் பிறந்தவள். பிறந்தபோது என் உள்ளங்கையில் தலையும் முழங்கையில் காலும், அவ்வளவுதான். தெக்லா என்பது மாமியின் அம்மா பேர். 'எங்கம்மாவும் ஏழு மாசத்துல பொறந்தவதான், எண்பத்தஞ்சு வயசு வரைக்கும் இருந்தா, மீன்காரியோட சண்ட போட்டா' என்று சொல்லி, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்ததற்கு அந்தப் பேரை வைத்துவிட்டாள் மாமி. பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்றேன். 'செய்யட்டும்ட்டி. கேலி செய்யுத அளவுக்கு வளரட்டும்' என்றாள். அப்புறம்தான் கண். குறைமாதத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் ஒழுங்காக ஓடியிருக்காதாம், தப்பான பக்கம் கிளை விடுமாம். திருநெல்வேலி கண்ணாஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள். வராந்தாவில் நானும் என் புருஷன் கிளாட்வினும் உட்கார்ந்திருந்தோம். கிளாட்வின் துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற டக் படகில் வேலை பார்க்கிறவன், எவ்வளவு பெரிய கப்பலையும் ஒரு கயிற்றில் திருப்பிவிடலாம் என்று நம்புகிறவன். 'பார்க்கும்ட்டி. பார்க்காம எங்க போகும்?' என்றான். டாக்டர் வெளியே வந்து, லேசர் நல்லபடியாகப் பிடித்திருக்கிறது, ஆனால் பார்வை எப்படி வரும் என்பது வளர வளரத்தான் தெரியும் என்றார். 'ஆறு மாசம் ஆனதும் கூட்டிட்டு வாங்க. வீட்ல நல்லாக் கவனிச்சிட்டு வந்து சொல்லுங்கம்மா, பாக்குறாளா இல்லையான்னு. நீங்கதான் அம்மா, உங்களுக்குத்தான் முதல்ல தெரியும்.' அவர் நல்லதாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது தூக்கத்திலும் வந்து கேட்கிறது. உங்களுக்குத்தான் முதலில் தெரியும். நாளைக்குக் காலையில் போக வேண்டும். கிளாட்வின் ராத்திரி வேலை முடித்து நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவான். டாக்டர் கேட்பார். எனக்குத் தெரியவில்லை, டாக்டர். ஆறு மாதமாகப் பால் கொடுக்கிறேன், குளிப்பாட்டுகிறேன், அவள் கண்ணுக்குள் ஒரு நாளைக்கு நூறு தடவை பார்க்கிறேன். உள்ளேயிருந்து அவள் என்னைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

அதோ வெள்ளி. சொன்னேனே. கண்ணைச் சிமிட்டி எடுப்பதற்குள், இல்லாத இடத்தில் இருக்கிறது. பாத்தித் தண்ணீரிலும் ஒன்று விழுந்திருக்கிறது. நான் தலையை அசைத்தால் அது அடுத்த பாத்திக்குத் தாவுகிறது. தெக்லா இன்னும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை, வெள்ளி சின்னது, அது எனக்காக. அவளுக்கு நிலாதான். டார்ச் அடித்துப் பார்த்தேன் போன வாரம், இருட்டு அறையில். கண்ணைச் சுருக்கினாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்குச் சந்தோஷம், மறுநாள் காலையில் போய்விட்டது. வெளிச்சம் தெரிவது வேறு, பார்ப்பது வேறு. மூடிய இமை வழியாக எனக்குந்தான் வெளிச்சம் தெரிகிறது. காற்று நன்றாக அடிக்கிறது, ஆனி மாதத்து மேல்காற்று, மேற்கேயிருந்து ஒரே சீராக. கொடியில் கிளாட்வினுடைய பேன்ட் ஒன்றை எடுக்காமல் விட்டுவிட்டேன், அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, போய் எடுத்தேன். அதுவும் சத்தம்தானே. மாடி பல்பைப் போடவில்லை. எல்லாம் சரி.

படியில் கால் சத்தம். கீழ்வீட்டு வடிவக்கா. வற்றல் எடுக்க வந்திருக்கிறாள், தாம்பாளமும் கையுமாக. சண்முகவடிவு என்று முழுப்பேர், எங்கள் தெருவில் யாருக்கு என்ன நடந்தாலும் அதற்கு முந்தின நாளே தெரிந்துவிடுகிறவள். கூடைக்குள் பிள்ளையைப் பார்த்ததும் தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். 'ஏ பிள்ள, என்ன இது? துணிக்கூடையில பிள்ளையப் போட்டு வச்சிருக்க? காயப்போடப் போறியா?' காற்று வாங்கட்டும் என்று கொண்டுவந்தேன் அக்கா என்றேன். 'நல்லா வாங்கும். இன்னைக்குப் போயா? பேப்பர் பாக்கலியா நீ? எல்லாக் கிரகமும் ஒண்ணாக் கூடுதாம். கூடுத நேரத்துல கைப்பிள்ளய வானத்துக்குக் கீழ போடலாமா? ஒங்க வேதத்துல இல்லாட்டாலும் கிரகம் ஒங்க வீட்ட மட்டும் விட்டுட்டாப் போகும்?' எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா, அதெல்லாம் ஒன்றாகவே கூடவில்லை என்றேன். வியாழன் எங்கேயோ இருக்கிறது, வெள்ளி எங்கேயோ இருக்கிறது, நிலா நம் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று தெரியக்கூடத் தெரியாது. நாம் இங்கே நின்று பார்ப்பதால் ஒரே வரிசையில் வந்தமாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். வடிவக்கா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 'அப்ப எல்லாம் நாம நிக்குத எடத்துலதான் இருக்குங்க?' ஆமாக்கா. 'அதத்தான பிள்ள நானும் சொல்லுதேன். நீ அந்த எடத்துல நிக்காத. சட்டுனு கீழ போ' என்று சொல்லிவிட்டு, தெக்லாவின் தலையைச் சுற்றி விரலைச் சொடுக்கி, இரண்டு வற்றலை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனாள். தெக்லா சொடுக்குச் சத்தத்துக்குத் திரும்பினாள். எல்லாச் சத்தத்துக்கும் திரும்புகிறாள். காது நன்றாக இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காதுதான் எனக்கு எதிரி.

வரிசை, நிற்கிற இடத்தால் வருகிறது. நான் வடிவக்காவுக்குச் சொன்னது, எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியது. டாக்டர் 'வளர வளரத்தான்' என்று சொல்லும்போது ஒரு நொடி ஜன்னலைப் பார்த்தாரே, அது ஒன்று. கிளாட்வின் இப்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கினால் முகத்தைப் பார்க்காமல் தோளில் போட்டுக்கொள்கிறானே, அது ஒன்று. காலையில் பையில் பார்த்தது ஒன்று. மூன்றும் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன, நான் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால். டாக்டர் ஜன்னலுக்கு வெளியே வேறு எதையாவது பார்த்திருக்கலாம். கிளாட்வினுக்குத் தோள்வலி, அவனே சொன்னான். ஆனால் பையில் இருந்தது? நாளைக்குப் போவதற்குப் பையில் துணி அடுக்கும்போது, பிள்ளை சட்டைகளுக்கு நடுவில் ஒரு காகிதப் பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்தால் இரண்டு கண். வெள்ளித் தகட்டில் வெட்டின கண், கோயில் வாசலில் விற்பார்களே, கால் வலிக்குக் கால், நெஞ்சுவலிக்கு நெஞ்சு, வேண்டுதல் வைத்துக் காணிக்கை போடுவதற்கு. புருவம்கூடக் கீறியிருந்தது. அது என்னைப் பார்த்தது. மாமிதான் வைத்திருக்கிறாள், வேறு யார் வைக்கப்போகிறார்கள். ஆறு மாதமாக இந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாததால் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியுமா, மாமி வாய் ஓயாதவள். ஜெபமாலை சொல்லும்போதே நடுவில் 'ஏ ஜெசி, பால் பொங்குது' என்று சொல்லிவிட்டு விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வாள், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்ற தைரியம். தூக்கத்தில்கூட மீன் விலை பேசுவாள். அப்படிப்பட்டவள் இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசாமல், யாருக்கும் தெரியாமல் போய் இரண்டு கண் வாங்கி வந்திருக்கிறாள். பொட்டலத்தை இருந்தபடியே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மணி அடிக்கிறது. அந்திச் செப மணி, ஊருக்குள்ளே கோயிலில். தெக்லா அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்புகிறாள். அடித்து முடியட்டும். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன், உதடு சொல்லிற்று, மனசு நிலாவில் இருந்தது. இப்போது எல்லாரும் வந்தாயிற்று. பிறை நன்றாக மஞ்சள் ஏறி, தேங்காய்க் கீற்று மாதிரிக் கெட்டியாக நிற்கிறது. வெள்ளி அதன் மேல் தட்டில். வியாழன் கீழே, அதற்கும் கீழே புதனும் இருக்கிறது, உற்றுப் பார்த்தால் போகிறது, பார்க்காமல் பார்த்தால் இருக்கிறது. மணி நின்றது. மணியின் கடைசி அதிர்வும் போகட்டும் என்று நின்றேன். கூடைக்குப் பின்னால், அவள் கண்ணில் நான் படாத இடத்தில். காற்று என் முகத்தில் அடிக்கிறது, ஆகவே என் வாசனை எனக்குப் பின்னால் போகிறது. மூச்சை வாயால் விட்டேன், மெல்ல. இப்போது உலகத்தில் தெக்லாவுக்கு முன்னால் நிலாவைத் தவிர வேறு எதுவும் இல்லை. பாரு. பாருடி என் தங்கமே. வாயைத் திறக்கவில்லை. பாரு. அவள் உச்சந்தலை தெரிகிறது, பஞ்சு மாதிரி முடி காற்றில் சாய்கிறது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். கண் திறந்திருக்கிறது. நிலாவின் பக்கம்தான் முகம். ஆனால் கண் அங்கே இல்லை. கண் இடது பக்கம் போகிறது, கூடையின் ஓரத்துக்கு வருகிறது, அங்கே கொஞ்சம் இருக்கிறது, மேலே போகிறது, நிலாவின் மேலேயே போகிறது, நில்லு, அங்கேயே நில்லு, நிற்கவில்லை. நாம் ஒரு சுவரைத் தாண்டிப் போகிறமாதிரி நிலாவைத் தாண்டிப் போய்விட்டது. காத்திருந்தேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் தாண்டிப் போயிற்று. கை இரண்டையும் தூக்கி முகத்துக்கு முன்னால் ஆட்டினாள், கை அவளுக்கு யாருடையதோ மாதிரி. நிலா நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு பெரிய நிலா, எவ்வளவு பளிச்சென்று, ஊரில் இருக்கிற கண் உள்ள ஜனம் எல்லாம் இன்றைக்கு மாடியில் நின்று பார்க்கிற நிலா.

சரி. அப்படியென்றால் அப்படி. இது தெரியத்தானே வந்தேன். டாக்டர் வாயால் கேட்பதற்கு முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் முன்னால் விழுவதற்கு முன்னால், யாருமில்லாத இடத்தில் விழுந்து எழுந்துவிட வேண்டும் என்றுதானே. அப்படியே விழுந்தேன். நின்றபடியே. சத்தமில்லாமல். வாயைத் திறந்தால் அழுகை வரும், அழுகை வந்தால் அவள் சத்தத்துக்குத் திரும்புவாள், திரும்பினால் நான் அந்தத் திரும்பலை எடுத்துவைத்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் ஏமாறுவேன். அதனால் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருக்க எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் ராத்திரி ஜெபம் முடிந்தால் காலைப் பூசை வரைக்கும் ஒரு பிள்ளை ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் மறுநாள் முழங்காலில் நிற்க வேண்டும். ஏழு வருஷம். பேசாமல் இருந்தோமா? முகத்தாலேயே பேசினோம். புருவத்தை இரண்டு தரம் தூக்கினால் சோப்பு இருக்கா. கன்னத்தை உப்பினால் வார்டன் வருகிறாள். மூக்கைச் சுருக்கினால் நாளைக்கும் உப்புமா. கொசுவலைக்குள்ளே முப்பது பேர் படுத்துக்கொண்டு, ஒரு சத்தம் இல்லாமல், வயிறு வலிக்கச் சிரிப்போம். கண் இருந்தது. கண் இருந்ததால் சிரித்தோம். இவளை எந்த ஹாஸ்டலில் போடுவேன்? எந்தப் பிள்ளை இவளுக்கு மூக்கைச் சுருக்கிக் காட்டும்? இப்படி நினைத்துக்கொண்டே கூடையைச் சுற்றி வந்தேன், பனி இறங்குவதற்குள் கீழே கொண்டுபோக வேண்டும், தூக்க வேண்டும். வடக்குப் பக்கம், தண்ணீர்த் தொட்டியோரம் வந்து, இன்னும் தூக்காமல், குனிந்து நின்றேன்.

கண் நின்றது. எந்தக் கண் நிலாவின் மேல் நிற்கவில்லையோ அந்தக் கண், அலைந்துகொண்டே வந்து, என் மேல் வந்து, நின்றது. நானும் அசையவில்லை. காற்று மேற்கே இருந்து வருகிறது, நான் வடக்கே, என் வாசனை இவளிடம் போகாது. வளையல் இல்லை. கம்மலைக் கையால் பிடித்தேன். வாய் மூடியிருக்கிறது. தொடவில்லை, கூடைக்கும் எனக்கும் நடுவில் இரண்டு முழம் இருக்கும். பயத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில், புருவத்தை இரண்டு தரம் தூக்கினேன். சோப்பு இருக்கா. தெக்லா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது, இது என்ன புதிதாக இருக்கிறது, இவள் ஏன் பேசவில்லை என்பதைப் போல. மறுபடி தூக்கினேன். கன்னத்தை உப்பினேன். வார்டன் வருகிறாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது, அப்புறம் இரண்டு பக்கமும் கோணியது, ஈறு தெரிந்தது. சிரிக்கிறாள். சத்தமில்லாத ஒன்றைப் பார்த்துச் சிரிக்கிறாள். என் முகம், என் அழுக்குக் கருவி, நான் எதற்கும் உதவாது என்று தள்ளிவைத்த முகம். ஒரு அடி வலது பக்கம் நகர்ந்தேன். கண் வந்தது. தலையும் பின்னாலேயே வந்தது. இடது பக்கம் நகர்ந்தேன். வந்தது. அவசரப்படாதே ஜெசிந்தா, இன்னொரு தரம். உட்கார்ந்தேன், கீழே வந்தது. எழுந்தேன், மேலே வந்தது. மூக்கைச் சுருக்கினேன், நாளைக்கும் உப்புமா, அதற்கு ஒரு காலைத் தூக்கி உதைத்தாள். நான் ஏன் நிலாவைப் போய்ப் பிடித்தேன்? பால்குடிப் பிள்ளைக்கு நிலா எதற்கு? அது இவளைப் பார்த்து எப்போதாவது புருவம் தூக்கியிருக்கிறதா? சத்தமில்லாத பொருள் என்று வானம் முழுக்கத் தேடினேன், என்னால் ஒரு நிமிஷம் வாயை மூட முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வீட்டில் பிள்ளை பிறந்த நாளிலிருந்து யாருமே வாயை மூடவில்லை, அதுதான் விஷயம். பயத்தில் எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தோம். பார்க்க அவளுக்கு அவசியமே வரவில்லை.

'ஏட்டி ஜெசி! வெளக்கு வைக்குத நேரத்துல பிள்ளைய எங்கட்டி...' படி முழுக்க மாமியின் குரல், குரலுக்குப் பின்னால் மாமி, 'வடிவு வந்து சொல்லுதா, ஒம் மருமவ பிள்ளையக் கூடையில போட்டு நட்சத்திரம் காட்டுதான்னு, ஊரு சிரிக்கும்ட்டி, கான்வென்ட்ல இதத்தான் படிச்சியா...' தெக்லா குரலுக்குத் திரும்பினாள். நான் உதட்டில் விரல் வைத்தேன். மாமிக்கு இந்த வீட்டில் யாரும் உதட்டில் விரல் வைத்துக் காட்டியதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே வாய் நின்றது. நான் கிட்டே போய், இரண்டு தோளையும் பிடித்து, கூடைக்குப் பக்கத்தில் நான் நின்ற இடத்தில் மாமியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். மாமி என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, சேலைத் தலைப்பை எடுத்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். தெக்லாவின் கண் மாமியின் மேல் வந்து நின்றது. நகருங்க என்று கையைக் காட்டினேன். மாமி நகர்ந்தாள், ஒரு பக்கமாக, நண்டு மாதிரி, இடுப்பு வலிக்காரி. கண் வந்தது. மறுபக்கம் நகர்ந்தாள். கண் வந்தது. மாமி நின்றாள். ஜெபத்திலும் தூக்கத்திலும் ஓயாத வாய், துணிக்குப் பின்னால் அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் தண்ணீர் இறங்கித் தலைப்புக்குள் போயிற்று. நிலா கொஞ்சம் இறங்கியிருந்தது. புதன் போய்விட்டது.

எவ்வளவு பார்க்கிறாள் என்று நாளைக்கு டாக்டர் சொல்லட்டும். அரைவாசி என்று சொல்லட்டும், கால்வாசி என்று சொல்லட்டும், கண்ணாடி போடச் சொல்லட்டும், இன்னொரு லேசர் என்று சொல்லட்டும். அதற்கெல்லாம் ஆஸ்பத்திரி இருக்கிறது, பஸ் இருக்கிறது, கிளாட்வின் இருக்கிறான். பார்க்கிறாளா என்று கேட்டால் நான் சொல்வேன். எனக்குத்தான் முதலில் தெரியும். மாமி தலைப்பை வாயிலிருந்து கொஞ்சமாக விலக்கி, கோயிலுக்குள்ளே பேசுவதைப் போல, 'பையில ஒரு பொட்டலம் வச்சிருந்தேன்' என்றாள். பார்த்தேன் மாமி என்றேன். 'பாத்துட்டியா.' பார்த்தேன். 'எடுத்துப் போட்டுட்டியோ?' இல்லை, அங்கேதான் இருக்கிறது. 'இருக்கட்டும். திரும்பி வரும்போது கோயில்ல எறங்கிப் போட்டுட்டு வருவோம். நேந்தது நேந்ததுதான்' என்று சொல்லிவிட்டு மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு பக்கமாக நகரத் தொடங்கினாள், இந்தத் தடவை நான் சொல்லாமலே. நான் நைட்டிப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தேன். வளையல்களைப் போட்டுக்கொண்டேன், ஒன்று, இன்னொன்று, கையை வேண்டுமென்றே நன்றாக உதறினேன். கலகலவென்று மாடி முழுக்கக் கேட்டது. தெக்லா திரும்பவில்லை. அவள் வேலையாக இருந்தாள்.